விலாசம்: மீன்பாடும் தேன்நாடு

மீன்பாடும் தேன்நாடு என்றால் எங்கிருந்து எங்கே வரை? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்திலேயே வரலாறு படிப்பிக்கிறவள் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் எங்கள் ஊர் உபதபால் கந்தோரின் அதிபர் திரு. சீனித்தம்பி. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகமாக எல்லோருக்கும் அவர் கையால் ஒரு கடிதமாவது வந்திருக்கும்.

அன்று புதன்கிழமை, பொழுது படுகிற நேரம். தபால்காரர் கனகசபை சைக்கிளைப் படலையில் சாத்தாமல் நிலத்தில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், போஸ்மாஸ்டர் பாதையில சரிஞ்சிட்டார்."

எங்கள் பக்கத்தில் பாதை என்பது ஆளையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. வெயிலில் அதில் ஆட்கள் மயங்குவது புதிதல்ல. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் இல்லை.

"சரிஞ்சா தூக்கி இருத்துறதுதானே கனகசபை? என்னட்ட வந்து என்ன செய்ய?"

"இருத்தித்தான் வச்சிரிக்கம் டீச்சர். ஆள் இல்ல."

ஆள் இல்லையென்றால் எங்கே போனார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. கனகசபை தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குச் சரியாக ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் அவரைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

சீனித்தம்பி பெரியகல்லாற்றில் பிறந்தவர். பழுகாமத்தில் சில காலம் வேலை செய்துவிட்டுப் பதினொரு வருடத்துக்கு முன் இங்கே மாறி வந்தார். நாங்கள் சிநேகிதர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரைப் போஸ்மாஸ்டர் என்பேன். பதினொரு வருடத்தில் இரண்டு பேரும் அதைத் தாண்டவில்லை. முத்திரை வாங்கப் போனால் முத்திரை தருவார். ஆனால் முத்திரைக்கு முன் உறையைத் தரச் சொல்லி விலாசத்தை வாசிப்பார். அது அவர் வைத்த சட்டம், திணைக்களத்தின் சட்டமல்ல. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

ஒருநாள் எனக்கு முன்னால் ஓர் இளைஞன் நின்றான். கொழும்புக்கு எழுதிய உறையின் பின்புறத்தில் தன் பெயரையும் விலாசத்தையும் அழகாக எழுதியிருந்தான்.

"இதில பட்டினத்துப் பேர் எங்க மனே?" என்றார் சீனித்தம்பி.

"இரிக்கே ஐயா. மீன்பாடும் தேன்நாடு."

"அந்த இடத்துக்குப் போஸ்மாஸ்டர் ஆரு?"

"நீங்கதான்."

"எனக்கு அப்பிடி ஒரு ஓடர் வரல்லயே. மட்டக்களப்பெண்டு போட்டுத்தானே தந்தவங்க. முதல்ல அதை எழுது. மீனை அதுக்குக் கீழ விடு. அங்க இரிந்து பாடட்டும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞனும் சிரித்துவிட்டு எழுதினான்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. என் சின்ன வயதில் அந்தப் பெயரை மேடைகளில் கேட்டிருக்கிறேன். பிறகு விழா மலர்களில் வந்தது, கலியாணக் கடிதங்களில் வந்தது, கடைசியில் கடித உறைக்கு வந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஊரின் பெயருக்குக் கீழே மட்டக்களப்பு என்று எழுதாமல் மீன்பாடும் தேன்நாடு என்று எழுதத் தொடங்கினார்கள். எங்கள் பேச்சைக் கேட்டு வேறு இடத்தார் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு மறுமொழியாகவே இந்தப் பெயரை இவ்வளவு இறுக்கிப் பிடித்தோம் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. நான் பார்த்த பழைய ஏடுகளில் அந்தத் தொடரைக் கண்டதில்லை, ஆனால் நான் பார்த்தவை கொஞ்சம்தான். நிலாக் காலத்தில் வாவியில் ஒரு சத்தம் கேட்பது உண்மை. நானே கேட்டிருக்கிறேன். அது மீனா, ஊரி என்கிற நத்தையா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தபால் அதிபருக்கு இதெல்லாம் வேறு விதமான தொல்லை. ஊரின் பெயர் சின்னது. கொழும்பில் கடிதம் பிரிப்பவர்களுக்குத் தெரியாது. அதற்குக் கீழே இருக்கவேண்டிய பட்டினத்தின் பெயர் இல்லை. அப்படிப்பட்ட கடிதங்கள் நாடு முழுவதும் சுற்றி, முத்திரைக்கு மேல் முத்திரை குத்தப்பட்டு, இரண்டு மூன்று கிழமை கழித்து வந்து சேரும். சில வராமலே போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வந்ததில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"டீச்சர், இந்தப் பேருக்கு என்ன கருத்து எண்டு இங்கிலீசில எழுதணும். கொழும்பில காயிதம் பிரிக்கிற இடத்தில என்னோட படிச்ச ஆரியசேன எண்டொரு ஆள் இரிக்கான். அவனுக்கு அனுப்பினா சுவரில ஒட்டி வைப்பான்."

நான் வகுப்பெடுப்பதுபோலத் தொடங்கினேன். மீன் பாடுவது ஆதாரப்படுத்தப்படவில்லை என்றேன். தேன் என்பது காட்டுத் தேனாகவும் இருக்கலாம், வெறும் புகழ்ச்சியாகவும் இருக்கலாம் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மீன் பாடுதா இல்லயா எண்டு காயிதம் பிரிக்கிறவனுக்குத் தேவையில்ல. எங்க இரிந்து எங்க மட்டும்? அதச் சொல்லுங்க."

"வடக்க வெருகல் ஆறு, தெற்க குமுக்கன் ஆறு எண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்க. ஆனா இப்ப மாவட்டத்த ரெண்டாப் பிரிச்சாச்சு போஸ்மாஸ்டர். அங்கால விழுந்த ஊர்க்காரரும் இந்தப் பேரைத்தான் போடுறாங்க. அவங்களச் சேர்க்கிறதா, விடுறதா?"

"அவங்க போடுறாங்கதானே?"

"ஓம்."

"அப்ப சேர்ந்தாச்சு."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. ஒரு பெயர் யாருக்கு உரியது என்பதை நான் ஏடுகளில் தேடினேன். அவருக்கு அது உறைகளின் பின்புறத்தில் கிடைத்தது. ஆனால் அவருடைய எல்லையும் முழுமையானதல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியது. நாளைக்கு வெருகலுக்கு அப்பால் ஒருவர் அந்தப் பெயரைப் போட்டு எழுதினால் என்ன செய்வார்? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சிங்களத்தில் அவரே எழுதினார், நன்றாக எழுதுவார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "ஊர் தெரியாவிட்டால் எனக்கு அனுப்பவும்."

"ரெண்டு மாவட்டத்துக் காயிதமும் உங்கட மேசையில வந்து குவியும்" என்றேன்.

"குவியட்டும். எனக்கு ஆக்களத் தெரியும்."

நான் அந்த வரியை வெட்டினேன். அவர் அதைத் திரும்ப எழுதி அனுப்பினார். இரண்டு மாதத்தில் ஆரியசேனவின் பதில் வந்தது. தாள் சுவரில் இருக்கிறதாம். ஆனால் தான் வேலைக்கு நிற்கிற நேரத்தில் மட்டும்தான் அது வேலை செய்கிறது, மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். சீனித்தம்பி அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். "பாதி நாளைக்கு நாம இரிக்கம் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு வெருகல் பக்கத்துக் கடிதமும் அக்கரைப்பற்றுக் கடிதமும் அவர் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் யாருடையது என்று விசாரித்து, மறு உறையிட்டு அனுப்பினார். பஸ் சாரதிகளிடம் விசாரிப்பார், மீன் வாங்க வரும் வியாபாரிகளிடம் விசாரிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கே வந்து, வெளியூர் ஆசிரியர்களிடம் "இந்தப் பேரில ஒரு தாதி உங்கட ஊர்ப்பக்கம் இரிக்கிறாவா?" என்று கேட்டிருக்கிறார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதலாம், ஆனால் அது அஞ்சலியாக இருக்காது.

மறுகரையில், பழுகாமத்துக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சிறிய ஊர்ப் பிள்ளை திலகவதி. பாதையேறி வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு இந்த வருடம் விண்ணப்பம் போட்டாள். வயது எல்லையில் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். படிவத்தை என்னிடம் கொண்டுவந்தாள், நான் சரிபார்த்து அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டேன். விலாசத்தின் கடைசி வரியில் மட்டக்களப்பு இல்லை. மீன்பாடும் தேன்நாடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அந்தப் பெயரைப் பற்றி என்னைவிடச் சந்தேகத்தோடு பேசியவர்கள் இந்த ஊரில் இல்லை. சுவரில் ஒட்டிய தாளை ஆங்கிலத்தில் எழுதியவளும் நானே. அப்படியிருந்தும் வெட்டவில்லை. அவளுடைய எழுத்து அழகாக இருந்தது, வெட்டினால் படிவம் அசிங்கமாகும் என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கொழும்பில் எவரோ ஒருவர் அந்த வரியை வாசிப்பார் என்பது எனக்கு ஒரு கணம் பிடித்திருந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதங்கள் வந்தன. திலகவதிக்கு வரவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு நான் தபால் கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் லாச்சியைத் திறந்து தந்திப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதெண்டு அது பட்டினமாகாது டீச்சர்" என்றார். அவ்வளவுதான். ஆரியசேனவுக்குத் தந்தி அடித்தார். பிறகு கடிதம் எழுதினார். பிறகு இன்னொரு தந்தி.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளையில் கனகசபை வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். சீனித்தம்பி நீள உறை ஒன்றை மேசையில் வைத்து, உள்ளங்கையால் அதை நீவிக்கொண்டிருந்தார். முகப்பில் யாரோ ஒரு எழுதுவினைஞர் மீன்பாடும் தேன்நாட்டை ஆங்கில எழுத்தில் தட்டச்சில் அடித்திருந்தார். ஊரின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பின்புறத்தில் ஏழு முத்திரைகள். இரண்டைத்தான் வாசிக்க முடிந்தது. மூலையில் ஆரியசேன சிவப்பு மையில் சீனித்தம்பியின் பெயரை எழுதியிருந்தார். மற்றப் பிள்ளைகளின் கடிதங்களிலிருந்து நேர்முகப் பரீட்சை எப்போது என்பது எங்களுக்குத் தெரியும். மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, பட்டினத்தில். இந்தக் கடிதத்தைக் காட்டாதவரை உள்ளே விடமாட்டார்கள்.

திலகவதியின் ஊருக்குக் கனகசபை கடிதம் கொண்டுபோவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். அதோடு அன்று அவர் வேறு பக்கத்துக்குப் போகவேண்டியிருந்தது.

"பின்னேரம் பாதையில போற பிள்ளைகளிட்டக் குடுத்துவிடுவமே" என்றேன்.

"குடுத்துவிட்டுப்போட்டு, போய்ச் சேர்ந்துதா இல்லயா எண்டு ராவைக்குப் படுத்துக் கிடந்து யோசிக்கிறதா? ஏழு இடத்துக்குப் போன காயிதம் டீச்சர் இது. எட்டாவது இடம் நானே பாக்கன்."

நாலு மணிக்குக் கந்தோரைப் பூட்டினார். குடையும் உறையுமாகத் துறைப்பக்கம் போகும்போது எங்கள் படலையைக் கடந்தார். முகம் கறுத்து வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். கூடப் போயிருக்கலாம். பிழை என்னுடையது, காலும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. திருத்த வேண்டிய தாள்கள் கிடந்தன. "போயிட்டு வாங்க போஸ்மாஸ்டர்" என்றேன். "வாறன் டீச்சர்" என்றார்.

மற்றதெல்லாம் நான் பிறகு கேட்டறிந்தது. திலகவதியின் தகப்பன் வட்டையில் வயல் வேலையாக நின்றிருக்கிறார். தாயும் மகளும்தான் வீட்டில். போஸ்மாஸ்டர் உறையை மகளின் கையில் கொடுத்து, தன் முன்னால் உடைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் வாசித்து முடித்ததும்தான் முற்றத்தில் போட்ட வாங்கில் இருந்திருக்கிறார். தாய் கோப்பையில் தயிர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"தயிர் தாறீங்க. தேன்நாடு எண்டு எழுதிப்போட்டுத் தேன் எங்க?" என்று கேட்டாராம். தாய்க்கு வெட்கமாகிவிட்டது. "அடுத்த முறை தாறன் ஐயா" என்று சொன்னாராம்.

திரும்பும்போது பாதையில் இருபது பேராவது நின்றிருக்கிறார்கள். பாதைக்காரர் மயில்வாகனம் அவரை விளிம்பிலிருந்து உள்ளே வரச் சொல்லிப் பலகையில் இடம் கொடுத்திருக்கிறார். "நல்லா இரிங்க ஐயா" என்றதற்கு "ஓம், இரிக்கன்" என்று சொல்லிக் குடையை விரித்துத் தோளில் சாத்திக்கொண்டார். வெயில் முகத்தில் விழுந்ததால் குடையைத் தாழ்த்தியிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கரையில் முட்டியபோது குடை தண்ணீரில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்த மீன்காரிதான் முதலில் கத்தியவள். இருபது பேர் சூழ நிற்க ஒரு மனிதன் எப்போது இறந்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதை நான் பலமுறை மயில்வாகனத்திடம் கேட்டுவிட்டேன். அவர் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். சீனித்தம்பிக்கு ஒரு மாதமாக நெஞ்சில் நோ இருந்ததாம். வாயு என்று சொல்லி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாராம். இதை அவருடைய மனைவி அன்னபூரணியக்கா சொல்லித்தான் தெரியும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு தாள். சுவரில் ஒட்ட அனுப்பியதன் கரித்தாள் பிரதி. நான் வெட்டிய வரி அதில் அவருடைய கையெழுத்தில் திரும்பவும் இருக்கிறது. அதோடு ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. யார் கையிலாவது உறையைக் கண்டால் கேட்டு வாங்கி விலாசத்தை வாசிக்கிறேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. பட்டினத்தின் பெயர் இல்லையென்றால் எழுதச் சொல்கிறேன். கீழே இருக்கிற மீன்பாடும் தேன்நாட்டை வெட்டுவதில்லை.

மறுநாள் நடந்ததைப் பதிந்துவிட்டு முடிக்கிறேன். ஊரில் பல விதமாகச் சொல்கிறார்கள்.

வியாழன் காலை, முதலாவது பாதையிலேயே திலகவதி வந்தாள். பரீட்சைக்கென்று எடுத்துவைத்த வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். துறையில்தான் அவளுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. பஸ் எடுக்காமல் நேரே சாவீட்டுக்கு வந்து, பிரேதத்தின் கால்மாட்டில் இருந்துவிட்டாள். உறை மடியில் கிடந்தது. பக்கத்தில் போய், "நேரம் போகுது, எழும்பு" என்றேன்.

"நான் போகல்ல டீச்சர். என்னாலதானே."

என்னால் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சனத்தின் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. தலைமாட்டில் இருந்த அன்னபூரணியக்காதான் தலையை நிமிர்த்தினார்.

"என்ன கா? அந்த மனிசன் வெயிலுக்குள்ள கொண்டுவந்து தந்தது மடிக்குள்ள வச்சிக்கிட்டு இரிக்கவா? எழும்பிப் போ கா. டீச்சர், இவளக் கூட்டிப் போங்க."

எட்டே கால் பஸ்ஸில் போனோம். பத்து மணிக்கென்று எல்லோரையும் வரச்சொல்லிவிட்டு, அகரவரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வாங்கில் இருந்தோம். பிரேதம் மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்து மணிக்கூட்டில் மூன்றாகியும் அவள் பெயர் வரவில்லை. மூன்றரைக்கு வந்தது. கதவில் நின்றவர் உறையை வாங்கிப் புரட்டி, ஏழு முத்திரைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தாள். என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

ஊருக்கு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து வீடு கழுவியிருந்தது. ஆண்கள் குளித்துவிட்டு முற்றத்தில் நின்றார்கள். அன்னபூரணியக்கா ஈரத்தலையோடு நிலத்தில் இருந்தார். திலகவதி போய் முன்னால் நின்றாள்.

"போனயா?"

"போனன்."

"பேர் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"சாப்பிட்டயா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அயலார் கொண்டுவந்த சோறு மூடியிருந்தது. அன்னபூரணியக்கா அதைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கோப்பைகளில் போட்டு, ஒன்றை அவளிடமும் மற்றதை என்னிடமும் நீட்டினார்.